ருமேனிய லவுத்தார்கள்: ஓவியத்தில் இருப்பவர்கள் யார், என்ன செய்கிறார்கள்?

ஒருவர் வயலினை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் இன்னொருவர், வயிறு பெருத்த ஒரு தந்திக் கருவியை மீட்டுகிறார். மூன்றாமவரின் உதட்டருகே வரிசையாகக் கட்டிய நாணல் குழல்கள். "ருமேனிய நாட்டுப்புற இசைக்கலைஞர்கள்" என்ற பெயரில் இப்படிப்பட்ட ஓவியங்களையும் பழைய அச்சுப் படங்களையும் நிறையவே காண முடிகிறது.

பார்ப்பவர்களில் ஒரு சாரார், உழவு வேலை முடிந்த மாலையில் கிராமத்து விவசாயிகள் பொழுதுபோக்காக வாசிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு சாரார், இவர்கள் ஊர் ஊராகச் சுற்றும் ஜிப்சிகள், இசை இவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்கிறார்கள். எனக்கு இரண்டுமே வருத்தம் தருகிறது. இந்தப் படங்களில் இருக்கும் பெரும்பாலோர் முறையாகத் தொழில் கற்ற கலைஞர்கள். ஓவியர் வரையும்போது அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். இது தெரிந்தால் அதே ஓவியத்தில் கை, கண், கருவி, உடை எல்லாமே வேறு செய்தி சொல்லும். இசையோ ஓவியமோ முன்பின் தெரியாதவருக்கும் புரியும்படி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வீட்டுச் சமையலும் கல்யாணச் சமையலும்

சமையல் எல்லா வீட்டிலும் நடக்கிறது. கல்யாணம் என்று வந்துவிட்டால் மட்டும் சமையல் மாஸ்டரைத் தேடிப் போகிறோம். அவரிடம் ஆட்கள் இருக்கிறார்கள், அண்டா குண்டா இருக்கிறது, எத்தனை பேருக்கு எவ்வளவு என்ற கணக்கு மனதில் இருக்கிறது. பெண் வீட்டார் ஒரு ருசி கேட்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் வேறொன்று கேட்பார்கள். இரண்டையும் கொடுக்கத் தெரிந்தவர் அவர். அப்பாவோடு கூடமாட நின்று கற்றுக்கொண்ட தொழிலாகவும் அது பல சமயம் இருக்கும்.

ருமேனியக் கிராமங்களில் இசையும் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்திருந்தது. மலையில் ஆடு மேய்ப்பவர் புல்லாங்குழல் ஊதுவார், யாரோ ஒருவர் பைக்குழல் வாசிப்பார், பெண்கள் வேலை செய்தபடியே பாடுவார்கள். அதெல்லாம் வீட்டுச் சமையல். கல்யாணம், ஞானஸ்நானம், திருவிழா, விருந்து என்றால் காசு கொடுத்துத் தொழில்காரர்களை அழைப்பார்கள். அந்தத் தொழில்காரருக்கு லவுத்தார் என்று பெயர். அவர்கள் சேர்ந்து வாசிக்கும் சிறு குழு தராஃப். இந்த இரண்டு சொற்களும் கட்டுரை முழுக்க வரும்.

லவுத்தார்களில் மிகப் பெரும்பான்மையினர் ரோமா மக்கள்; மற்றவர்கள் ஜிப்சிகள் என்று அழைப்பது இவர்களைத்தான். வட இந்தியாவிலிருந்து சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்கு நோக்கிப் போய், இடைக்காலத்தில் ஐரோப்பாவை அடைந்தவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுடைய ரோமானி மொழி இந்தி, பஞ்சாபி போன்றவற்றுக்கு உறவு. ருமேனியர்கள் வேறு மக்கள். அவர்கள் மொழி லத்தீனிலிருந்து வந்தது. பெயர் ஒலிப்பில் நெருக்கமாக இருப்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது நிறைய நடக்கிறது. ரோமா அல்லாத லவுத்தார்களும் உண்டு, ஆனால் குறைவு.

நாடோடி என்ற எண்ணமும் இங்கே பொருந்தாது. லவுத்தார் குடும்பங்கள் ஊரிலேயே வீடு கட்டி, தலைமுறை தலைமுறையாக அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கு வாசித்தவை. எந்த ஊர்க்காரருக்கு எந்த ஆட்டம் பிடிக்கும், எந்தக் குடும்பத்துப் பெரியவர் எந்தப் பாட்டைக் கேட்பார் என்பதெல்லாம் மனதில் இல்லாவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பு ஓடாது. ஊர் ஊராக அலைபவருக்கு அந்த விவரம் எப்படிக் கிடைக்கும்?

சொத்துப் பட்டியலில் இருந்த கலைஞர்கள்

இந்த ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது பலரும் தொடாமல் விடும் பகுதி இது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

இன்றைய ருமேனியாவின் தெற்கும் கிழக்கும் முன்பு வல்லாக்கியா, மோல்டாவியா என்று இரண்டு தனி நாடுகள். அங்கே ரோமா மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். வல்லாக்கியாவின் ஆட்சியாளர் முதலாம் டான் 40 ரோமா குடும்பங்களைத் திஸ்மானா மடத்துக்கு உரிமையாக்கிய செய்தி 1385ஆம் ஆண்டு ஆவணத்தில் இருக்கிறது. அரசருக்குச் சொந்தமானவர்கள், மடங்களுக்குச் சொந்தமானவர்கள், பொயார்கள் எனப்பட்ட நிலப்பிரபுக்களுக்குச் சொந்தமானவர்கள் என்று அடிமைகளில் மூன்று வகை. அவர்களை விற்கலாம், வாங்கலாம், சீதனமாகக் கொடுக்கலாம்.

வாசிக்கத் தெரிந்தவரும் இதற்கு விலக்கல்ல. லவுத்தார்களைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று 1558ஐச் சேர்ந்தது. வல்லாக்கியாவின் ஆட்சியாளர் மிர்ச்சா சொபானுல், ருஸ்தே என்ற இசைக்கலைஞரை மோல்டாவியப் பிரபு ஒருவருக்குப் பரிசாகக் கொடுத்தார் என்று அது சொல்கிறது. இசைக்கலைஞருக்குப் பரிசு தந்ததாக அவசரத்தில் படித்துவிட வேண்டாம். பரிசுப் பொருளே அந்தக் கலைஞர்தான்.

வீட்டில் நல்ல தராஃப் வைத்திருப்பது பொயார்களுக்குப் பெருமை. விருந்தாளி வந்தால் வாசிக்க வேண்டும், எஜமான் சாப்பிடும்போது வாசிக்க வேண்டும். துருக்கிய மெட்டு, கிரேக்க மெட்டு, பிறகு வியன்னாவிலிருந்து வந்த வால்ட்ஸ் என்ற நடன இசை என்று அந்தந்தக் காலத்து மோஸ்தர் எல்லாவற்றையும் காதால் கேட்டே பிடித்துக்கொள்ள வேண்டும். பல ஊர், பல நாட்டு இசை லவுத்தார்களின் கையில் கலந்து கிடப்பதற்கு இந்த நெருக்கடியும் ஒரு பெரிய காரணம்.

மோல்டாவியாவில் 1855 டிசம்பரிலும் வல்லாக்கியாவில் 1856 பிப்ரவரியிலும் பொயார்களிடம் இருந்த அடிமைகள் விடுவிக்கப்பட்டார்கள். மற்ற இரு வகையினருக்கு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே விடுதலை கிடைத்திருந்தது. எனவே 1840 வாக்கில் வரைந்த லவுத்தார் ஓவியம் ஒன்று கண்ணில் பட்டால், அதில் வயலின் வாசிப்பவர் சட்டப்படி யாருக்கோ உடைமையாக இருந்திருக்கக்கூடும். 1860 வாக்கில் வரைந்தது என்றால், விடுதலையாகி ஐந்தாறு ஆண்டுகள்கூட ஆகாதவராக இருக்கலாம். "மகிழ்ச்சியான கிராமத்துக் காட்சி" என்று அதற்கு விளக்கம் எழுதுபவர்கள் இந்தத் தேதிகளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: லவுத்தார் என்பவர் கூலிக்கு வாசிக்கும் தொழில்முறைக் கலைஞர்; பெரும்பாலும் ரோமா; ஊரில் நிலைத்து வாழ்ந்தவர்; 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பலர் அடிமைகள். இனி அவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்பதற்கு வரலாம்.

ஒரு தராஃப் எப்படி இயங்குகிறது?

ஓவியத்தில் மூன்று பேரோ ஐந்து பேரோ இருக்கலாம். அவர்கள் செய்வது மூன்றே வேலைகள்: மெட்டை வாசிப்பது, அதற்கு அடியில் சுருதிச் சேர்க்கையையும் தாளத்தையும் ஓட்டிக்கொண்டிருப்பது, கனத்த ஒலியால் அடித்தளம் போடுவது. ஆட்கள் குறைந்தால் ஒருவரே இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்வார்.

மெட்டு பெரும்பாலும் வயலினிடம் இருக்கும். முதல் வயலின்காரருக்குப் பிரிமாஷ் என்று பெயர். அவர்தான் குழுவின் தலைவர். அடுத்து என்ன பாட்டு, எப்போது வேகம் கூட்டுவது, எங்கே முடிப்பது என்பதெல்லாம் அவர் முடிவு. கல்யாண வீட்டாரிடம் கூலி பேசுவதும் பெரும்பாலும் அவரே.

எழுதிய இசைக்குறிப்பு எதுவும் கிடையாது. பிரிமாஷ் வில்லை அசைக்கும் விதம், தலையை ஒரு பக்கம் திருப்புவது, புருவத்தை உயர்த்துவது இவ்வளவுதான் சைகை. அதனால் மற்றவர்கள் பிரிமாஷையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிரிமாஷோ ஆடுகிறவர்களையும் விருந்தாளிகளையும் பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல ஓவியரின் கண்ணிலிருந்து இது தப்பாது. அடுத்த முறை இப்படியொரு ஓவியம் கிடைத்தால், யார் யாரைப் பார்க்கிறார் என்று முதலில் கவனியுங்கள். எல்லோரும் நேராக நம்மையே பார்த்துச் சிரித்தால், அது வாசிக்கும் நேரத்தில் வரைந்தது அல்ல. வரிசையாக நிற்க வைத்து வரைந்தது.

இரண்டு வயலின்கள் இருந்தால் இரண்டும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும், ஆனால் அச்சு அசலாக அல்ல. ஒருவர் சுரத்தை நழுவவிடுவார், மற்றவர் அதே இடத்தில் அதிர வைப்பார். ஒரே ஆறு இரண்டு கிளையாகப் பிரிந்து பிரிந்து சேர்வது போல் ஒலிக்கும். மேடை ஆர்க்கெஸ்ட்ரா கேட்டுப் பழகியவர்களுக்கு முதலில் இது பிசகாகத் தோன்றும். கொஞ்சம் கேட்ட பிறகு அந்த உரசல்தான் உயிர் என்று தெரியும்.

அடியில் ஓடும் தாளம்தான் ஆட்டத்துக்கு ஆதாரம். ஹோரா என்பது எல்லோரும் கைகோத்து வட்டமாக ஆடும் ஆட்டம். பிரிமாஷ் மெட்டை எப்படி வேண்டுமானாலும் அலங்கரிக்கட்டும், துணை வாசிப்பவரின் கை ஒரு கணம் தடுமாறினால் வட்டமே கலைந்துவிடும். விடியும்வரை அந்தக் கை ஒரே சீராக ஓட வேண்டும். ஓவியங்களில் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் அந்தத் துணைக் கலைஞரை நாம் சட்டென்று கடந்துபோகிறோம். குழுவில் உடல் உழைப்பு அதிகம் அவருக்குத்தான்.

டொய்னா இதற்கு நேர் எதிர். அது ஏக்கத்தையும் துயரத்தையும் நிதானமாக இழுத்துச் சொல்லும் பாட்டு வகை. அதற்குக் கட்டான தாளம் இல்லை. பாடுபவரோ வயலினோ விருப்பம்போல நீட்டவும் நிறுத்தவும் செய்யலாம், துணைக் கருவிகள் பின்னால் காத்திருந்து வரும். 2009இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆட்டக்காரர்கள் யாரும் இல்லாமல், மேசையைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்து கேட்பதாக ஓவியம் இருந்தால், அங்கே ஓடிக்கொண்டிருப்பது டொய்னாவாகவோ பழைய வீரர்களின் கதைப்பாடலாகவோ இருக்கலாம்.

கல்யாணத்தில் இவை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. மாப்பிள்ளைக்குச் சவரம் செய்யும்போது ஒரு பாட்டு, மணப்பெண் பெற்றோரிடம் விடைபெறும்போது ஒரு பாட்டு, ஊர்வலத்துக்கு ஒன்று, பந்திக்கு ஒன்று, அப்புறம் இரவெல்லாம் ஆட்டம். சந்தோஷம் தலைக்கேறிய விருந்தாளி பணத்தை எடுத்து வயலின்காரரின் நெற்றியிலேயே ஒட்டுவதும் வழக்கம்.

காதால் கேட்டுப் பிடிப்பதில் இவர்கள் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. மோல்டாவியாவின் யாஷ் நகரில் பார்பு லவுத்தாரு என்ற புகழ்பெற்ற கலைஞர் இருந்தார். 1847இல் பியானோ மேதை ஃப்ரான்ஸ் லிஸ்ட் அந்த ஊருக்கு வந்தார். ஒரு பிரபுவின் வீட்டில் லிஸ்ட் அந்தக் கணத்தில் கற்பனை செய்து வாசித்ததை, ஒரே ஒரு முறை கேட்ட பார்பு அப்படியே வயலினில் திருப்பி வாசித்தார் என்பது கதை. சொல்லச் சொல்லக் கொஞ்சம் வளர்ந்திருக்கலாம். ஆனால் இவர்களோடு பழகியவர்கள் இதை நம்பத் தயாராக இருந்தார்கள் என்பதே அந்தத் திறமைக்குச் சாட்சி.

கருவியை வைத்துக் காலத்தையும் ஊரையும் கண்டுபிடிக்கலாம்

ஓவியத்தின் அடியில் தேதி இல்லாவிட்டாலும் கருவிகள் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பகுதி கற்றுக்கொள்ள எளிது, பயனும் அதிகம்.

வயலின், கோப்ஸா, நை மூன்றும் சேர்ந்திருந்தால் 19ஆம் நூற்றாண்டுத் தராஃப் என்று எண்ணத் தொடங்கலாம். கோப்ஸா என்பது முதலில் சொன்ன வயிறு பெருத்த தந்திக் கருவி. பேரிக்காயைப் பாதியாகப் பிளந்தது போன்ற உடல், குட்டையான கழுத்து, பின்பக்கம் மடங்கிய தலை. கிட்டாரில் உள்ளது போன்ற கட்டைகள் கழுத்தில் இருக்காது. வாத்து இறகின் தண்டால் மீட்டுவார்கள். அரபு, துருக்கி நாடுகளின் ஊத் கருவிக்கு உறவு. தாளத்தையும் சுருதியையும் சேர்த்து ஓட்டும் துணைக் கருவி இதுதான்.

நை என்பது நீள வரிசைப்படி சேர்த்துக் கட்டிய இருபது குழல்கள் அளவிலான ஊதுகருவி. ஒவ்வொரு குழலின் அடியிலும் தேன்மெழுகு அடைத்திருக்கும். மெழுகைக் கூட்டிக் குறைத்துச் சுருதி சேர்ப்பார்கள். இடைப்பட்ட அரைச் சுரம் வேண்டுமானால் குழலைச் சற்றுச் சாய்த்து ஊத வேண்டும். 1889இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஆங்கெலுஷ் தினிக்கு இதை வாசித்துப் பெயர் வாங்கினார். அப்படியும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கருவி அழியும் நிலைக்குப் போனது. ஃபனிகா லூகா என்ற லவுத்தார் புக்கரெஸ்டில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அதை மீட்டார். உலகமெங்கும் நையைக் கொண்டுபோன கியோர்கே ஸம்ஃபீர் அவருடைய மாணவர்.

கோப்ஸா இருந்த இடத்தில், இரண்டு குச்சிகளால் தட்டும் பெட்டி போன்ற கருவி இருந்தால் ஓவியம் பெரும்பாலும் பிற்காலத்தது. அது ட்ஸம்பல், காஷ்மீரத்துச் சந்தூரைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். சிறியதை வாரால் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றபடியே, நடந்தபடியே வாசிப்பார்கள். கோப்ஸாவைவிட ஒலி பெரிது, சுரங்களும் அதிகம். அதனால் மெல்ல மெல்ல கோப்ஸாவை அது ஓரங்கட்டிவிட்டது. அக்கார்டியன் இருந்தால் சந்தேகமே வேண்டாம், 20ஆம் நூற்றாண்டு.

ஊரும் தெரியும். டிரான்சில்வேனியா 1918வரை ஹங்கேரியோடு இருந்த பகுதி. அங்கே துணைக்கு வாசிக்கும் வயோலாவுக்கு, அதாவது வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவிக்கு, மூன்றே தந்திகள். தந்திகளைத் தாங்கும் பாலம் தட்டையாக இருக்கும், வில் ஒரே இழுப்பில் மூன்றையும் தொட வேண்டும் என்பதற்காக. பித்தளை ஊதுகருவிகள் மட்டுமே கொண்ட குழு என்றால் மோல்டாவியா பக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம்; ராணுவ பேண்டுகளிலிருந்து கிராமத்துக்கு வந்த வழக்கம் அது. வயலினில் மரப்பெட்டிக்குப் பதிலாகக் கிராமஃபோன் போல ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருந்தால், மேற்கே பிகோர் பகுதியை நினைக்கலாம். ஸ்ட்ரோ என்பவர் 1899இல் லண்டனில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. கிராமத்துக் கைவினைஞர்கள் அதைப் பார்த்துத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள்.

உடையில் ஏமாறாதீர்கள்

பூத்தையல் போட்ட வெள்ளைச் சட்டை, அகலமான தோல் பட்டை, கம்பளித் தொப்பி. ருமேனிய இசைக்கலைஞர் என்றதும் இந்த உருவமே மனதில் வருகிறது. அது விவசாயிகளின் விசேஷ உடை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிப் படங்களில் லவுத்தார்கள் பெரும்பாலும் துருக்கிய பாணி நீண்ட அங்கி அணிந்திருப்பார்கள். அது பொயார்களின் பழைய நாகரிகம். பொயார்கள் கோட்டு சூட்டுக்கு மாறிய பிறகும் லவுத்தார்களிடம் அது சில காலம் தங்கியது. பிறகு இவர்களும் சாதாரண கோட்டுக்கும் தொப்பிக்கும் வந்துவிட்டார்கள்.

வெள்ளைச் சட்டை எங்கும் பரவியதில் 1947க்குப் பிந்தைய கம்யூனிஸ்ட் அரசுக்குப் பெரிய பங்கு உண்டு. அரசு பெரிய பெரிய நாட்டுப்புற ஆர்க்கெஸ்ட்ராக்களை அமைத்தது. 1949இல் புக்கரெஸ்டில் தொடங்கிய ஒன்றுக்குப் பார்பு லவுத்தாருவின் பெயரையே வைத்தார்கள். சீருடை போல விவசாயி உடை, முன்னால் ஒரு நடத்துநர், எல்லா வயலினும் ஒரே மாதிரி. கலைஞர்களில் பலர் லவுத்தார் குடும்பத்தவர்களே. ஆனால் அவர்கள் ரோமா என்பது மேடையில் பேசப்படவில்லை. எல்லாம் "மக்களின் இசை" ஆனது. நினைவுப்பொருள் கடைகளில் விற்கும் ஓவியங்கள் பலவும் இந்த மேடைத் தோற்றத்தைத்தான் பார்த்து வரைந்தவை. அதை நூறாண்டுப் பழைய கிராமம் என்று எண்ணிவிடக் கூடாது.

சுருக்கமாக, ஓவியத்தில் காலத்துக்குக் கருவியை நம்பலாம். உடையை நம்புவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

வரைந்தவர்கள் என்ன பார்த்தார்கள்?

இரண்டு ஓவியர்களை மட்டும் சொல்கிறேன்.

கரோல் போப் தெ சாத்மாரி (1812–1887) டிரான்சில்வேனியாவின் குளுஜ் நகரில் பிறந்து புக்கரெஸ்டில் வாழ்ந்தவர். ஓவியர், அதோடு புகைப்படக்காரர். கிரிமியப் போரைப் படமெடுத்தவர், உலகின் முதல் போர்ப் புகைப்படக்காரர்களில் ஒருவர். 1860 வாக்கில் அவர் லவுத்தார்களை வரைந்தார். அவர் ஆர்வமெல்லாம் விவரத்தில் இருந்தது. சந்தை, தெரு வியாபாரி, உடை, கருவி எதையும் பதிவுசெய்யும் கண் அவருடையது. இன்று இசை ஆய்வாளர்களுக்கு அத்தகைய படங்கள் ஆவணம் போல உதவுகின்றன. ஆனால் அவற்றில் இருப்பவர்கள் ஒரு "வகை"யாகத்தான் இருக்கிறார்கள். தலைப்பு தொழிலைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

ஷ்டெஃபான் லுக்கியான் (1868–1916) வேறு மாதிரி. உடலை முடக்கும் நரம்பு நோயோடு பல ஆண்டுகள் போராடியபடியே வரைந்தவர். பூக்களுக்காகப் பெரிதும் பேசப்படுகிறார். 1906இல் அவர் ஒரு முதிய கோப்ஸா கலைஞரை வரைந்தார். தலைப்பு "கோப்ஸா வாசிக்கும் நிக்கோலாயே தாத்தா". விழா இல்லை, கூட்டம் இல்லை, ஒரு கிழவருடைய உருவப்படம், அதுவும் அவருடைய பெயரோடு. பிரபுக்களுக்கும் தளபதிகளுக்கும் கிடைத்துவந்த மரியாதையை ஒரு கோப்ஸாக்காரருக்கு லுக்கியான் கொடுத்தார். இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் லுக்கியான் பக்கம் போவேன்.

இன்று

இந்தத் தொழில் அருங்காட்சியகத்துக்குள் போய்விடவில்லை. புக்கரெஸ்டுக்கு அருகே கிளெஜானி என்ற கிராமம் முழுக்க லவுத்தார் குடும்பங்களுக்குப் பெயர்பெற்றது. கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்த்த 1989 புரட்சிக்குப் பிறகு அங்கிருந்து போன தராஃப் ஒன்று உலக மேடைகளில் வாசித்தது. அதில் நிக்கோலாயே நியாக்ஷு என்ற முதியவர், வயலின் தந்தியில் குதிரைவால் முடி ஒன்றைக் கட்டி, வில்லை விட்டுவிட்டு, அந்த முடியை விரல்களால் இழுத்தே ஒலி எழுப்புவார். தேம்புகிற தொண்டை போல இருக்கும் அந்த ஒலி. மோல்டாவியா பக்கத்து ஸெச்சே பிரஜினி கிராமத்திலிருந்து பித்தளைக் குழு ஒன்றும் இதே போல உலகம் சுற்றியது.

உள்ளூர்க் கல்யாணங்களில் நிலைமை மாறிவிட்டது. ட்ஸம்பல் இருந்த இடத்தில் பெரும்பாலும் கீபோர்ட், பக்கத்தில் மைக், ஆளுயர ஸ்பீக்கர்கள். கேட்பவர்கள் புதுப் பாட்டு கேட்கிறார்கள், கலைஞர்கள் வாசிக்கிறார்கள். பொயார் வீட்டில் வால்ட்ஸ் கற்றுக்கொண்ட தாத்தாக்களும் இதைத்தான் செய்தார்கள். இன்றைய லவுத்தார்களை வரைய வரும் ஓவியர் அந்தக் கீபோர்டையும் ஸ்பீக்கரையும் படத்திலிருந்து நீக்காமல் வரைய வேண்டும்.